நத்தை திரும்பும் பக்கம்

ஒஹாயோவின் ஆடம்ஸ் கவுண்டியில், குவில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வையின் கட்டங்களை வரைந்து கொட்டகைச் சுவர்களில் ஏற்றிய பலகைகளில் எது உசத்தி என்று பேச்சு வந்தால் பாதிப் பேர் ஒஹாயோ ஸ்டார் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். 2001 அக்டோபரில் லூயிஸ் மவுன்டன் மூலிகைப் பண்ணையில் முதலில் ஏறியது அது. தலைப்பிள்ளைக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு. மீதிப் பேர் மரைனர்ஸ் காம்பஸைச் சொல்வார்கள். அத்தனை முனையும் ஊசி போல நிற்கிறதே, அந்த வித்தைக்காக. நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. குரோவ்ஸ் வீட்டுக் கொட்டகைக்கு வந்த நத்தைத்தடம் எனக்குப் போதும். இதைச் சொல்லி எந்தச் சபையிலும் நான் ஜெயித்ததில்லை. "சுழி சுழியா இருக்கு, தலை சுத்துது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

குரோவ்ஸ் வீட்டு வாக்குறுதிக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1989-இல் தாயும் மகளும் சேர்ந்து பண்ணை வாங்குகிறார்கள். கூடவே வந்த புகையிலைக் கொட்டகை பார்க்கச் சகிக்காமல் நிற்கிறது. அதில் உனக்கு ஒரு குவில்ட் வரைந்து தருகிறேன் என்று டானா சூ குரோவ்ஸ் தன் அம்மா மேக்ஸீனிடம் சொல்லிவிடுகிறார். வீட்டு மனிதர்களுக்குக் கொடுக்கும் வாக்கு வேறென்ன ஆகும்? பத்து வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. கடைசியில் தூசி தட்டி எடுத்தபோது அது ஒரு கொட்டகையோடு நிற்கவில்லை. இருபது கொட்டகை, இருபது கட்டம், கவுண்டி முழுக்கக் கொடி கட்டிக் குவில்ட் காயப்போட்டது போல ஒரு பாதை என்று வளர்ந்துவிட்டது. டானா சூ ஒஹாயோ கலைக் கவுன்சிலில் வேலை பார்த்தவர் அல்லவா, பயணிகள், கைவினைக் கடைகள் என்றெல்லாம் யோசிக்கத் தெரிந்தவர். அம்மாவுக்கென்று புறப்பட்டது ஊரைச் சுற்றிவிட்டு அப்புறம்தான் அம்மா வீட்டுக்கு வந்தது. வந்த கட்டம் நத்தைத்தடம். நடுவில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு கட்டம் அந்தச் சுவருக்கு வாய்த்ததை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். திட்டமிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனமாக வந்திருக்கும்.

நட்சத்திரங்களில் எனக்குள்ள குறை இதுதான்: பார்த்தவுடன் தீர்ந்துவிடும். மணிக்கு ஐம்பத்தைந்து மைலில் வண்டி போகிறது, கொட்டகை தெரிகிறது, நட்சத்திரம் தெரிகிறது, அவ்வளவுதான். நத்தைத்தடம் அப்படி விடாது. முதலில் சுழி தெரியும். கிட்டே வர வர, ஏதோ சரியில்லையே என்று தோன்றும். அதில் வளைவே கிடையாது. ஒரு கோடு வளையவில்லை. எல்லாம் முக்கோணம், எல்லாம் கத்தரியால் நேராக வெட்டியது. வளைந்தது நம் கண். டிரங்கர்ட்ஸ் பாத் கட்டத்தில் நிஜமாகவே வளைவாக வெட்டி, நிஜமாகவே வளைவாகத் தைத்து, விரல் நோகப் பாடுபடுகிறார்கள். இங்கே ஒரு பாடும் இல்லாமல் அதே மயக்கம். சிக்கனம் தெரிந்த பெண்கள் யாரோ கண்டுபிடித்தது.

எட்டடிப் பலகையில் இதைக் குறிக்க அளவெடுக்கவே வேண்டாம் என்பது இன்னொரு சுகம். காம்பஸ் கட்டத்துக்குக் கோணமானியும் கணக்கும் வேண்டும். நட்சத்திரத்துக்குக்கூட மூன்றால் வகுக்க வேண்டும், தொண்ணூற்றாறு அங்குலம் என்பதால் பிழைத்தோம். நத்தைக்குப் பாதி மட்டும் தெரிந்தால் போதும். நான்கு பக்கத்திலும் நடுப்புள்ளி வை. கலர்ப்பொடி தடவிய நூலை இரண்டு புள்ளிக்கு நடுவே இழுத்துத் தட்டு. சாய்ந்த சதுரம் ஒன்று விழும். அதன் பக்கங்களுக்கு நடுப்புள்ளி வை, தட்டு, நாற்பத்தெட்டு அங்குலத்தில் நேரான சதுரம். இன்னொரு முறை சாய்வு, இன்னொரு முறை நேர். இருபத்துநான்கு அங்குலச் சதுரத்தில் நிறுத்திக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. நடுவே நான்கு சதுரம், சுற்றிப் பதினாறு முக்கோணம், ஆக இருபது துண்டு. ஆடம்ஸ் கவுண்டிப் பாதைக்குத் திட்டமிட்ட பலகைகளும் இருபது. இந்த ஒற்றுமைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

வண்ணம் போடும்போதுதான் ஆட்டம். நடுவில் இடது மேல் சதுரமும் வலது கீழ்ச் சதுரமும் கருப்பு என்றால், அடுத்த சுற்றில் மேலும் கீழும் கருப்பு. அதற்கடுத்த சுற்றில் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும். அப்புறம் வலமும் இடமும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி நகர வேண்டும். ஒரே ஒரு சுற்றில் வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றிப் போட்டால் நத்தை செத்துவிடும். சதுரத்துக்குள் சதுரம் அடுக்கிய சாதாரணப் பெட்டி ஒன்று மிஞ்சும். எல்லாச் சுற்றையும் ஒழுங்காக, ஆனால் எதிர்ப்பக்கமாக நகர்த்தினால் நத்தை சாகாது, இடப்பக்கமாகத் திரும்பி நடக்கும். இதைப் பிறகு சொல்கிறேன்.

என் மாமியார் குவில்ட் தைத்தவர். ஒஹாயோ நதிக்கு வடக்கே, மேடும் பள்ளமுமான நாட்டில், பர்லி புகையிலை போட்ட குடும்பம். 2004-இல் அரசாங்கம் புகையிலை ஒதுக்கீட்டு முறையை முடித்துவைத்ததும் அக்கம்பக்கத்தில் பலர் விட்டது போல எங்கள் வீட்டிலும் விட்டார்கள். கொட்டகை நின்றது. காற்றுப்போக நெட்டுக்குத்தாகத் திறக்கிற கதவுகளோடு, உள்ளே இன்னும் அந்த வாசனையோடு. நான் மருமகளாகப் போன வருடம் அவர் கையில் இருந்தது நத்தைத்தடம்தான். கருநீலத்தில் வெள்ளைப் பொடிப்புள்ளி போட்ட காலிகோ, அதற்கு எதிர் வெளுக்காத மஸ்லின். இரண்டே துணி. ஐந்துக்கு ஆறு, முப்பது கட்டம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு வாய் வராது. 'அத்தை' என்றால் அவருக்குப் புரியாது. கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிப் பழகிவிட்டேன். ஒரு பக்கமாகப் போய் நின்றால் நிமிர்ந்து பார்ப்பார், அதுதான் அழைப்பு.

அவர் போனபின் கொட்டகையில் பலகை ஏற்றுவது என்று முடிவானபோது எது என்பதில் விவாதமே இல்லை. எப்படி என்பதில்தான்.

இந்த ஊர்ப்பக்கம் இரண்டு மார்க்கம் உண்டு. துணியின் பூவையும் புள்ளியையும் பலகையிலும் வரைய வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். தட்டை நிறம் போதும் என்பவர்கள் மறுபக்கம். முதல் மார்க்கத்தாரிடம் பக்தி அதிகம், ஒப்புக்கொள்கிறேன். காலிகோவின் ஒவ்வொரு பூவையும் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்த பலகையைக் கண்காட்சியில் கிட்டே நின்று பார்த்து நானே கையெடுத்திருக்கிறேன். அதைச் சுவரில் ஏற்றியதும் சாலையிலிருந்து பார்த்தால் அழுக்குப் படிந்தது போல இருந்தது. எங்கள் கொட்டகை சாலையிலிருந்து முந்நூறு அடி. அந்தத் தொலைவில் புள்ளி புள்ளியாகத் தெரியாது, நிறத்தில் கரைந்துவிடும். நான் தட்டை நிறக் கட்சி. ஆனால் தட்டை நிறக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு: துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கருநீலத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் கடைச் சீட்டை ஒட்டிப் பார்த்து, அதே நீலத்தைக் கலக்கச் சொல்லிவிடுவார்கள். புள்ளிகளின் வெள்ளை கணக்கிலேயே வராது. ஏறியபின் பலகை குவில்டைவிட ஒரு பங்கு இருண்டு நிற்கும், காரணம் தெரியாமல் விழிப்பார்கள்.

நாங்கள் செய்தது இது. மேகம் மூடிய ஒரு காலை, கொல்லைக் கொடியில் குவில்டை விரித்துப் போட்டு, கிளிப் மாட்டி, பின்னால் நடந்தோம். இருபது அடியில் புள்ளிகள் இருந்தன. நாற்பதில் இருந்தது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. அறுபதடிக்குச் சற்று மேலே, வாதுமை மரத்தடியில், புள்ளி முழுக்கக் கரைந்து நீலம் ஒரு மாதிரி வெளிறி, மழைக்கு முந்தின வானம் போல ஆகிவிட்டது. அங்கே நின்று, கடைச் சீட்டுகளைக் கையை நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். கருநீலம் என்று பெயர் போட்டது ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தியது 'சிலேட்' என்று பெயர் போட்ட ஒன்று. கையில் வைத்துப் பார்த்தால் இதுவா அம்மாவின் நீலம் என்று கேட்பீர்கள். என் கணவர் கேட்டார். மஸ்லினுக்கும் வெள்ளை ஒத்துவரவில்லை. லேசாக மோர் நிறம் வேண்டியிருந்தது.

சிவப்பு இல்லாத கட்டம் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. வெயிலில் முதலில் சாயம் போவது பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்தான். பழைய கொட்டகைச் சிவப்பு இரும்புத்துருவிலிருந்து வந்தது, மண்ணுக்கு என்ன சாயம் போகப்போகிறது? இன்றைய தக்காளிச் சிவப்பு தெற்குச் சுவரில் சில வருடத்திலேயே ரோஜாவாகிவிடும். லாக் கேபின் கட்டத்தின் நடுவே அடுப்பு நெருப்பு என்று வைக்கும் அந்தச் சிவப்புச் சதுரம் சாம்பலாய்ப் போன பலகைகளை எத்தனையோ பார்த்தாயிற்று. மறுபடி பூசுகிறவர்கள் குறைவு. ஏற்றும் நாளில் ஊரே வரும். பூசும் நாளில் ஏணியைப் பிடிக்க ஆள் இராது.

பலகைக்கு சைன் போர்டு எழுதுபவர்கள் வாங்கும் எம்.டி.ஓ. பிளைவுட், நாலுக்கு எட்டு, இரண்டு. வெட்டு விளிம்புகளில் பிரைமர் மூன்று தடவை குடிக்க விட்டோம். தண்ணீர் உள்ளே போவது முகத்தால் அல்ல, விளிம்பால். பிறகு மோர் நிறத்தை முழுக்கப் பூசிக் காயவிட்டு, கோடு தட்டி, டேப் ஒட்டினோம். டேப் ஒட்டுவதில்தான் ஆளின் தரம் தெரியும் என்பேன். ஒட்டிவிட்டு ஸ்பூனின் முதுகால் விளிம்பை அழுத்தித் தேய்த்தால் மட்டும் போதாது. நீலத்தைப் பூசுவதற்கு முன், டேப்பின் ஓரத்தில் அடி நிறத்தையே, அந்த மோர் நிறத்தையே, இன்னொரு தடவை மெல்லியதாகப் பூச வேண்டும். கசிய வேண்டிய சந்துகளில் அது கசிந்து அடைத்துக்கொள்ளும். கசிந்தாலும் அதே நிறம், தெரியாது. அதன் மேல் நீலம். நீலம் முழுக்கக் காய்வதற்குள், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, டேப்பைத் தன் மேலேயே மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். அப்போது வரும் கோடு இருக்கிறதே. முதல் கோடு வந்ததும் என் நாத்தனார் எதுவும் பேசாமல் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். மாமியாரின் தையலில் அங்குலத்துக்குப் பத்து ஓட்டம் இருக்கும்; அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய கோடு அது.

பிரஷ் கோட்டைக் கையாலேயே இழுக்க வேண்டும், டேப் என்பது ஏமாற்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சி உண்டு. மெயில் பவுச் புகையிலை விளம்பரங்களை எழுதிய ஹார்லி வாரிக் சுமார் இருபதாயிரம் கொட்டகைச் சுவர் எழுதினார் என்பார்கள். அளவு எல்லாம் கண்ணிலேயே. எப்போதும் 'CHEW' என்ற சொல்லின் ஈ எழுத்தில் தொடங்கி, ஹெச், பிறகு டபிள்யூ என்று போவாராம். ஏன் அப்படி என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்த மூன்றும் அவருடைய இனிஷியல்கள். அந்தக் கை 2000-இல் போய்விட்டது. ஒஹாயோவின் இருநூறாவது ஆண்டுக்காக எண்பத்தெட்டு கவுண்டியிலும் கவுண்டிக்கு ஒரு கொட்டகை என்று எழுதித் தள்ளிய ஸ்காட் ஹேகனும் கைக்காரர்தான். அவர்களை வணங்குகிறேன். ஆனால் எழுத்து வேறு, தையல் வேறு. எழுத்துக்கு உயிர் கொடுப்பது கையின் அசைவு. குவில்ட் கட்டத்தில் இரண்டு துண்டு சந்திக்கும் இடத்தில் அசைவு தெரிந்தால் என் மாமியார் பிரித்துவிடுவார். டேப் என்பது தையலுக்குத்தான் நெருக்கம். அதுவும் ஓரம் பிடித்து மடக்கி அழுத்துகிற வேலைதானே.

டானா சூவும் சிறுமியாக இருந்தபோது காரில் போகும் வழியெல்லாம் அந்த மெயில் பவுச் கொட்டகைகளை எண்ணியவர்தான். பிள்ளைகள் பின் சீட்டில் சண்டை போடாமலிருக்க மேக்ஸீன் கண்டுபிடித்த விளையாட்டு: கொட்டகைக்குக் கொட்டகை மதிப்பெண். பிறகு பென்சில்வேனியாவின் ஹெக்ஸ் சின்னங்களைப் பார்த்ததும் அவர் மனதில் தங்கிவிட்டது. ஆக அந்தப் பெண்மணி மகளுக்கு இரண்டையும் கொடுத்திருக்கிறார், குவில்டையும் கொட்டகையையும். ஒன்றன் மேல் ஒன்றை ஒட்டியது மட்டும்தான் மகள். பல பாதைகளின் கதைப் பலகையில் மேக்ஸீனின் பெயர் ஒரு அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வருத்தம் என்று எடுத்தபின் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் இந்தக் குவில்ட் பலகைகள் இருக்கின்றன, நல்லதுதான். ஐயோவாவில் சாக் கவுண்டிக்காரர்கள் எட்டுக்கு எட்டு என்ற அளவைக் காப்பாற்றினார்கள். அந்தச் சமவெளியில் அதற்குக் குறைந்தால் எடுபடாது. இப்போது எங்கு பார்த்தாலும் இரண்டடிப் பலகை. வீட்டுத் திண்ணையில், அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில், தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு அதன் மேல். கொட்டகையே இல்லாமல் கொட்டகைக் குவில்ட்! அலுமினியத் தகட்டில் அச்சடித்து, திருகுக்கு ஓட்டையும் போட்டு, அட்டைப்பெட்டியில் வருகிறது. கட்டங்களும் கட்டங்களாக இல்லை. மக்காச்சோளக் கதிர், டிராக்டர், கால்பந்துக் குழுவின் சின்னம். இவற்றை எந்தப் பெண் எந்த மெத்தைக்குத் தைத்தாள்? கேட்டால் பழமைவாதி என்பார்கள். தைத்துக் காட்ட முடியாத கட்டத்தைச் சுவரில் ஏற்றக்கூடாது என்பது என் ஒரே சட்டம். அதை வைத்துப் பார்த்தால் நான் கடந்துபோகும் பலகைகளில் பாதிக்கு மேல் இறக்க வேண்டியிருக்கும்.

அதைவிட எரிச்சல் கதை விற்பவர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரகசியம் ஒட்டிவிடுகிறார்கள். 1999-இல் வந்த 'ஹிடன் இன் பிளெய்ன் வியூ' புத்தகத்துக்குப் பிறகு, அடிமைகள் தப்பிப் போகக் குவில்டுகளில் சங்கேதம் இருந்தது என்பது பலகைக்குப் பலகை எழுதப்பட்டுவிட்டது. வரலாற்றுக்காரர்கள் ஆதாரம் இல்லை என்று சொல்லி ஓய்ந்தார்கள். நத்தைத்தடத்துக்கு மங்கி ரென்ச் என்றும் ஒரு பெயர் உண்டு. உடனே அதையும் இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் சர்ன் டாஷ் கட்டத்துக்கும் உண்டு, சர்ன் டாஷுக்கு 'கொட்டகைக் கதவில் ஓட்டை' என்றும் பெயர் உண்டு என்பதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆடம்ஸுக்குப் பக்கத்து பிரவுன் கவுண்டியில், ரிப்லி ஊரின் மேட்டில், ஜான் ராங்கின் வீடு இன்றும் இருக்கிறது. நதியைத் தாண்டி வந்தவர்களை நிஜமாக ஒளித்துவைத்த வீடு. அந்த மேட்டில் ஒருமுறை ஏறி நின்று நதியைப் பார்த்தவர்களுக்குப் போர்வைச் சங்கேதம் தேவைப்படாது.

தமிழ் நண்பர்கள் வந்தால் கேட்பது வேறு. "கோலம் மாதிரியா?" இல்லை என்றுதான் சொல்வேன். கோலம் மறுநாள் காலை அழிந்து மறுபடி வரும், ஒருநாள் தப்பினால் அடுத்த நாள் திருத்தலாம். இது இருபது வருடம் நின்று முகத்தைப் பார்க்கும்.

இடப்பக்கம் திரும்பும் நத்தையைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தத் தப்புக்கு வருகிறேன். கொடியில் குவில்டைப் போட்ட அன்று, மரத்தடியில் நின்றபோதுதான் என் கண்ணில் பட்டது. அதற்கு முன் முப்பது வருடம் அந்தப் போர்வையைப் பார்த்திருக்கிறேன், மடித்திருக்கிறேன், காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் போர்த்தியிருக்கிறேன். கடைசி வரிசையில், வலது ஓரத்திலிருந்து இரண்டாவது. இருபத்தொன்பது நத்தைகள் வலப்பக்கம் சுழல்கின்றன, இது ஒன்று இடப்பக்கம். வெளிமூலை முக்கோணங்கள் நான்கும் நிறம் பிசகாமல் சரியான இடத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டங்களோடு ஒழுங்காகக் கைகோத்திருக்கின்றன. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே மட்டும் வழி வேறு. யாரோ கூப்பிட்டு எழுந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கம் வைத்து, பிறகு அதற்கேற்றாற்போலவே ஒழுங்காகத் தொடர்ந்திருக்க வேண்டும்.

கடவுள் ஒருவரே குறையற்றவர், அதனால் குவில்டில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. மாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். வேண்டுமென்று வேறு வைக்க வேண்டுமா, அதுபாட்டுக்கு வருமே என்று சிரித்தார். வந்ததைப் பிரிப்பார். மடியில் எப்போதும் அந்தச் சின்னப் பிரிப்பான் இருக்கும்.

பலகையில் அந்த நத்தையைத்தான் வரைய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மற்ற இருபத்தொன்பதும் நத்தைத்தடம். யார் தைத்தாலும் அப்படித்தான் வரும், புத்தகத்தில் இருக்கிறது. அது ஒன்றுதான் அவர் கை. நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா இதைக் கவனிச்சிருந்தா அன்னைக்கு ராத்திரியே பிரிச்சிருப்பாங்க. அவங்க தப்பை எட்டடிக்குப் பெருசாக்கி ரோட்டுல போறவங்களுக்குக் காட்டணுமா?" என்றார். நியாயம்தான். வாழ்நாளெல்லாம் பிரித்துத் தைத்தவரைப் பிரிக்க முடியாத இடத்தில் மாட்டுவது மரியாதையா என்று எனக்கும் இரண்டு நாள் உறுத்தியது. பலகை பிரைமரோடு கொட்டகைத் தரையில் காத்திருந்தது.

தீர்த்துவைத்தது என் கணவர், அதுவும் யோசித்து அல்ல. "ஒத்தக் கட்டம்தானே ஏத்தப்போறோம், பக்கத்துல கட்டமே இல்லையே. எந்தப் பக்கம் சுத்தினா தப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நாத்தனார் பலகையைப் பார்த்தார். கொடியில் இன்னும் தொங்கிய குவில்டைப் பார்த்தார். தனியாக நிற்கும் நத்தைக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. "சரி, ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார். சொல்லவில்லை, இதுவரை.

ஏற்றும் நாளில் இந்தக் கட்டத்தின் இன்னொரு குணம் கைகொடுத்தது. இரண்டு பாதிப் பலகையையும் தனித்தனியாகத்தான் மேலே கொண்டுபோக முடியும். வண்டிக்கூடையில் நின்ற பையன் எது இடது, எது வலது என்று கீழே கத்தினான். பின்பக்கம் குறித்த பென்சில் எழுத்தின் மேல் சட்டம் அடித்துவிட்டிருந்தோம். ஒரு நிமிடம் எல்லாரும் விழித்தோம். பிறகுதான் உறைத்தது: நத்தைத்தடத்தின் இடப்பாதியைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே வலப்பாதி. இரண்டு பலகையும் ஒன்றுதான். எதை எங்கே மாட்டினாலும், தலைகீழாகவே மாட்டினாலும், நடு நடுவோடு சேர்ந்தால் போதும். சுழி மட்டும் எப்படித் திருப்பினாலும் மாறாது. இடப்பக்கம் என்றால் இடப்பக்கம்தான்.

மாதம் ஒன்று போயிருக்கும். மாமியாரோடு தேவாலயத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து குவில்ட் தைத்த பாட்டி ஒருவர், தொண்ணூறை நெருங்குபவர், பேரன் காரில் வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கச் சொல்லிப் பார்த்தார். நிறம் சரியாக வந்திருக்கிறது என்றார், நான் குளிர்ந்துபோனேன். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்து, காற்றில், நடுவிலிருந்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். மறுபடி சுற்றினார். என் நாத்தனார் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்மாட்டுல இருக்குமே, அதுவா?" என்றார் பாட்டி.

நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேன் அவகிட்ட. பிரிக்கிறேன் பிரிக்கிறேன்னா" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.